லின்னுக்கு மிஞ்சாத சோறு

வெளிநாட்டில் நாங்கள் குடியேறிய டூங்கபியில் எங்கள் தமிழ்ச் சங்கம், பிறந்த ஊரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் பணம் சேர்க்க மதிய விருந்து வைத்தது. என்னோடு வேலை செய்யும் வியட்நாம் பெண் லின், தானாகவே உதவிக்கு வந்தாள். காலையிலிருந்து மண்டபத்துக் குசினியில் வெங்காயம் வெட்டினாள், சட்டி கழுவினாள், பரிமாறினாள்.

பசி தாங்காமல் அவள் ஒரு தட்டை எடுத்தபோது, சங்கத் தலைவரின் மனைவி என்னிடம் சொன்னார்: "அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லும். வொலன்ரியர்ஸ் கடைசியிலதானே சாப்பிடுறது." நானும் சிரித்துக்கொண்டே லின்னிடம் சொன்னேன். அவள் தட்டை வைத்துவிட்டாள்.

கடைசியில் ஒரு பருக்கைகூட மிஞ்சவில்லை. சாப்பிட்டவர்கள் வீட்டுக்கும் டப்பா டப்பாவாகக் கட்டியிருந்தார்கள். அவளைப் பொறுக்கச் சொன்ன அந்த அன்ரியின் கையிலும் இரண்டு பை.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் லின்னிடம் மைக்கை நீட்டி, எங்களிடம் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். அவள் ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னாள்: "எங்கள் புத்த விகாரையில் இப்படிப் பணம் சேர்க்கும்போது சமைப்பவர்களுக்குத்தான் முதல் தட்டு. ஏன் என்று இன்றைக்குத்தான் விளங்கியது."

எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இப்போது சங்க விருந்துகளில் குசினியில் நிற்பவர்கள் சாப்பிட்ட பிறகுதான் மண்டபக் கதவைத் திறக்க விடுகிறேன். "பெரிய ஆள் மாதிரி நடக்கிறா" என்கிறார்கள். சொல்லட்டும். லின்னை மறுபடி கூப்பிடத்தான் எனக்கு முகமில்லை.