அத்தை என் பெயரைக் கேட்ட நாள்

இன்றைக்கும் யாராவது என்னிடம் "உங்க பேர் என்ன?" என்று கேட்டுவிட்டால், பதில் சொல்வதற்கு முன்பே கை தானாகப் போய் மூக்கைத் தொட்டுப் பார்க்கும். அது மனித மூக்குதான் என்று உறுதியானபின் தெம்பாகப் பெயரைச் சொல்வேன். பிள்ளை குட்டி பெற்று, முன்மண்டையில் முடியும் உதிர்ந்த பிறகு இது தேவையா என்று கேட்பீர்கள். என் அத்தையைத்தான் கேட்கவேண்டும்.

அத்தை, அப்பாவின் தங்கை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணத்துக்கு முன் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். தலைவாரி, இட்லியைத் திணித்து, முதுகில் செல்லமாக ஒன்று போட்டு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவது அவள்தான். அப்புறம் வெள்ளைப் புடவை கட்டி பஸ் ஏறுவாள். அந்த வெள்ளைப் புடவை ஆஸ்பத்திரியில் எப்படி இருக்கும் என்பதை நான் அதுவரை கண்டதில்லை.

மூன்றாம் வகுப்பு படிக்கையில், சிப்காட் தொழிற்பேட்டை டீக்கடை வாசலில் ஒரு நாய்க்குப் பன்னைக் காட்டிக் காட்டி நானே தின்றுகொண்டிருந்தேன். நாய் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பொறுத்தது. பிறகு கெண்டைக்காலைக் கவ்விவிட்டது.

வலியைவிட மோசமானது பெரியப்பா மகன் வந்து சொன்ன சேதி. "நாய் கட்ச்சா மொதல்ல மூஞ்சி மாறும்டா. அப்பால வாலு. ஊட்ல ஒருத்தருக்கும் உன்ன அடையாளம் தெரியாது, பாத்துக்கோ."

மில்லிலிருந்து கிரீஸ் கறையோடு ஓடிவந்த அப்பா, என்னை சைக்கிள் கேரியரில் வைத்து மிதித்தார். கேரியர் கம்பி குத்திய இடத்தில் வால் முளைப்பதாகவே எனக்குப் பட்டது. வழியெல்லாம் ஒரு கையால் அதை உள்ளே அழுத்திக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் கை நசுங்கியவர், கண்ணில் இரும்புத்தூள் விழுந்தவர் என்று தொழிலாளிகள் வரிசை நின்றது. நம்ம தங்கச்சிதானே என்று சொல்லிக்கொண்டே அப்பா நேராக உள்ளே நுழைந்தார். அத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், வரிசையில வாங்க."

வாழ்நாளில் முதல்முறையாக 'சார்' ஆன அப்பா, திரும்பி வந்து வரிசைக் கடைசியில் நின்றார். முன்னால் நின்றவருக்கு ஒரே சிரிப்பு. "இன்னா நைனா, சொந்தம்னு சொல்லிகினு போனே, சார்ன்றாங்க?"

"டூட்டில கீது பா. இப்ப அது எனுக்குத் தங்கச்சி இல்ல."

என்னால் சொந்தமே அறுந்துவிட்டது!

எங்கள் முறை வந்தது. மேசைமேல் உட்காரவைத்தார்கள். அத்தை கை கழுவிவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"உங்க பேர் என்ன?"

தொலைந்தேன். மூக்கைத் தொட்டேன், நாய் மூக்குபோல ஈரம். 'அத்தே' என்று கூப்பிட வாயைத் திறந்தால் 'ங்ங்' என்று வந்தது. குரலும் மாறிவிட்டது.

"பேரைச் சொல்லுங்க தம்பி."

"மூஞ்சி மாறிப்போச்சா அத்தே? நான்தான்! காலைல நீதானே முதுகுல ஒண்ணு வெச்சே!" என்று அலறினேன். வரிசை முழுக்கச் சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை, பெயருக்குக் காத்திருந்தாள். பெயர், அப்பா பெயர், பள்ளிக்கூடம், கணக்கில் பெயிலானது வரை ஒப்பித்தேன். கலெக்டரே படுத்திருந்தாலும் அவர் வாயால் பெயரைச் சொல்லவைத்து, சீட்டோடு ஒத்துப்பார்க்காமல் அவள் ஊசியை எடுக்கமாட்டாள் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

குழாயடியில் சோப்புப் போட்டுக் காயத்தை வெகுநேரம் கழுவினாள். பிறகு, அந்தக்கால நாய்க்கடி வைத்தியப்படி, தொப்புள் பக்கம் ஊசி. "வலிக்கும். அசையாதீங்க" என்றாள். வலித்தது. அவள் கை துளியும் ஆடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, குளித்து, பழைய சேலையில் அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா கொடுத்த டீ டம்ளர் அவள் கையில் கடகடவென்று ஆடி, மடியெல்லாம் சிந்தியது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நான் கௌரவமாகச் சுவரோரம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"பயப்படாத அத்தே. நான் கடிக்கமாட்டேன்."

"இன்னாடா கண்ணு சொன்னே?" என்றவள், டம்ளரை வைத்துவிட்டு என்னை இழுத்து மடியில் போட்டு, என் தலை நனைய அழுதாள். ஆஸ்பத்திரியில் அத்தனை பேரை அதட்டி நிற்கவைத்தவள், வீட்டில் ஒரு சின்ன நாய்க்கு இப்படி நடுங்குகிறாளே என்று எனக்கு அவள்மேல் பரிதாபமாக இருந்தது. கடிக்கவே மாட்டேன் என்று அவள் தலையிலடித்து இன்னொருமுறை சத்தியம் செய்து கொடுத்தேன்.