எடைக்கு நண்பனை ஏற்றினேன்

கொட்டிவாக்கத்தில் பழைய டிராக்டர் ஒன்றின் முன்னால் பக்கெட் பொருத்தி, கட்டட மண் அள்ளும் வேலை செய்கிறேன். பக்கெட் நிறைந்தால் வண்டி முன்பக்கமாகக் கவிழாமல் இருக்க, பின்னால் ஒரு கான்கிரீட் பிளாக் மாட்டியிருப்பேன். மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் போனபோது அது சுவரில் உரசியது. கழற்றி வைத்துவிட்டேன்.

ஈர மண்ணோடு பக்கெட்டை உயர்த்தியதும் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. அப்போதாவது மண்ணைக் குறைத்திருக்கலாம். என்னோடு வேலை செய்யும் நண்பன் சேகர் நல்ல பருமன். "மச்சி, பின்னாடி ஏறி நில்லு. உன் தொப்பை இன்னிக்காவது யூஸ் ஆவட்டும்" என்றேன். சந்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே ஏறினான்.

சின்னப் பள்ளம் ஒன்றில் இறங்கியதும் முன் அச்சு முறிந்தது. பக்கெட் தரையில் இடித்தது. பின்பக்கம் துள்ளியதில் சேகர் பக்கத்து மண்குவியலில் போய் விழுந்தான். கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் கருங்கல் படி.

இப்போது பிளாக் மாட்டாமல் வண்டியை எடுப்பதில்லை. பாதி பக்கெட் மண்தான் அள்ளுகிறேன். அதையும் தரையை ஒட்டியே மெதுவாகக் கொண்டுபோகிறேன்.

வண்டி சரியாகி வந்த அன்று சேகர் அந்தப் பிளாக்கைத் தட்டிப் பார்த்தான். "இன்னா மச்சி, இது என்னிய விட வெயிட்டா கீதா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.