கடையில் வாங்கிய கூடை

கல்யாண ஸ்டூடியோ வைத்திருப்பவனுக்கு, தனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வரப் பத்து வருடம் போதும்; நான் ஹட்டனில் இருபது வருடம் வைத்திருந்தேன். நாற்பத்தேழாவது வயதில் நுவரெலியாவில் புகைப்பட டிப்ளோமா வகுப்பில் சேர்ந்தேன். பிள்ளைகள் வயதுக்காரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து அசடு வழிந்தவர்களே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

முதல் நாள்

அவரவர் எடுத்ததில் சிறந்ததைக் கொண்டுவரச் சொன்னார்கள். நான் மணப்பெண்கள் ஆல்பத்தைப் பெருமையாக விரித்தேன். எந்தப் பெண்ணையும் கம்ப்யூட்டரில் பால் நிறமாக்குவதில் நான் கெட்டிக்காரன். பாடம் எடுக்கும் மிஸ்ஸுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. பக்கம் பக்கமாகப் புரட்டி, அடுத்த பெஞ்சுக்குத் தள்ளினார். கூடப் படிக்கும், அக்கரப்பத்தனை ஊர்ப் பிள்ளைதான் ஒரு படத்தில் விரலை வைத்தாள்.

"இது எங்க சித்திங்க அண்ணே. வீட்டுச் சுவத்துல மாட்டியிருக்கோம். வர்றவங்க எல்லாம் இது யாருன்னு கேக்குறாங்க."

கூடை

டிப்ளோமாவுக்கு ஒரே விஷயத்தில் பத்துப் படங்கள் வேண்டும். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் என்று எழுதிக்கொடுத்தேன். பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் என் சொந்த அக்காவே கொழுந்து பறிக்கிறாள், பிறகென்ன?

மலைக்குப் போனால் எல்லாப் பெண்கள் முதுகிலும் நைலான் பை. படத்துக்கு எடுப்பாக இல்லை. மறுநாள் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கிற கடையில் ஒரு பிரம்புக் கூடை வாங்கிப் போனேன். அக்காவின் பையை இறக்கி, கூடையை மாட்டி, சிவப்புச் சேலை கட்டவைத்துச் சிரிக்கச் சொன்னேன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவன் செய்கிற வேலையா இது? மற்றப் பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கா சொன்னபடியெல்லாம் சிரித்தாள். முடிந்ததும் கூடையைக் கழற்றி என் கையில் தந்தாள்.

"கூடைய விட்டு எத்தனையோ வருஷமாச்சு தம்பி. நீ இந்தப் பக்கம் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

வகுப்பில்

அந்தப் படங்களைத்தான் கொண்டுபோனேன், வெட்கங்கெட்டவன். பிள்ளைகள் கைதட்டினார்கள். சிவப்புச் சேலையில் இருப்பது என் அக்கா என்று சொன்னதும் மிஸ் திரும்பவும் ஒருமுறை பார்த்தார்.

"தேயிலைப் பெட்டிக்கு ரொம்பப் பொருத்தம். இதுல உங்க அக்கா எங்க இருக்காங்க?"

ஞாயிற்றுக்கிழமை

பத்தையும் அழித்துவிட்டுத் திரும்ப அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் முடியாது என்றால் டிப்ளோமா போய்விடும். அதைவிட, அந்த வாசலை மிதிக்க எனக்கு முகம் இருக்காது. செய்தது தப்பு என்று சொன்னேன். எப்படிப் படம் எடுக்க வேண்டும், நீயே சொல் என்றேன்.

அவளுக்கு மலையும் வேண்டாம், கொழுந்தும் வேண்டாம். தலைக்குக் குளித்து, வாசலில் இரண்டு நாற்காலி போட்டு, ஒன்றில் என்னை உட்காரச் சொன்னாள். அவள் கல்யாண ஆல்பத்தில்கூட நான் இல்லையாம், எடுத்தவனே நான்தானே. கேமராவை ஸ்டூல்மேல் வைத்து, டைமரைத் தட்டிவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தேன். மீதி ஒன்பது படங்களிலும் எங்கே, எப்படி என்பதை கேமராவுக்கு எதிரில் நின்ற தோட்டத்துப் பெண்களே சொன்னார்கள், நான் வாயை மூடிக்கொண்டு எடுத்தேன். அக்கா எங்கள் இருவர் படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"நான் நல்லாத்தான் இருக்கேன். நீதான் திருட்டு முழி முழிக்கிற."

ஊராரையெல்லாம் நேராகப் பார்க்கச் சொல்லியே இருபது வருடம் பிழைத்த எனக்கு, சொந்த அக்காவை நேராகப் பார்க்க ஒரு டிப்ளோமா தேவைப்பட்டது.