வெளிச்சம் போதாத வண்டி

எங்கள் பிக்கப் வண்டியின் முன்விளக்குகள் மங்கல் என்று நான் முதன்முதலில் கேள்விப்பட்டது, அம்மா அந்த வண்டியைத் தானே ஓட்டப்போவதாகச் சொன்ன அன்றுதான். அதுவரை ஏழு வருடங்களாக அதே விளக்குகளோடுதான் அப்பா இனயம் கடற்கரையில் மீன் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் குலசேகரம் சந்தைக்குப் போய்ச் சேர்வார். ஒருநாள்கூட அவற்றைக் குறை சொன்னதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஐஸ்பெட்டி இறக்கும்போது வழுக்கி விழுந்து, வலதுகால் முறிந்து, அப்பா கட்டிலோடு கிடந்தார். சம்பளத்துக்கு வைத்த டிரைவர் இரண்டு வாரம் ஓட்டினார். மூன்றாவது வாரம் சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிட்டார். வண்டி வீட்டு முன்னால் சும்மா கிடந்தது. வழக்கமாக எங்களிடம் மீன் ஏற்றுகிறவர்கள் வேறு வண்டி தேடத் தொடங்கினார்கள். ஒருநாள் வண்டி விற்றுக்கொடுக்கும் ஒரு புரோக்கர் வந்து டயரைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும், அம்மா சோற்றுப் பானையை இறக்கிவைத்துவிட்டு வந்து, இனி தானே ஓட்டுவதாகச் சொன்னாள்.

அம்மாவிடம் லைசென்ஸ் இருந்தது. அப்பாவே மணவாளக்குறிச்சி ரோட்டில் கற்றுக்கொடுத்து எடுத்துத் தந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது அம்மா ஓட்டுவாள், அப்பா பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். அதனால் எனக்கு இதில் அதிசயம் எதுவும் தோன்றவில்லை. அப்பாதான் ஒவ்வொன்றாகத் தடை சொன்னார். கிளட்ச் கட்டி, மிதித்து மிதித்துக் கால் வலிக்கும் என்றார். சந்தையில் வண்டி திருப்ப இடம் கிடையாது என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். கடைசியில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

“ரப்பர் காட்டு ரோடு. விடியதுக்கு முன்ன மஞ்சு எறங்கிக் கெடக்கும். இந்த லைட்டுல ஒண்ணும் தெரியாது, கேட்டியா.”

“அப்போ லைட்டு வைப்போம்” என்றாள் அம்மா.

எனக்குப் பெரிய நிம்மதி. பனியில் ரோடு தெரியாத குறை விளக்கில்தான் என்றால் கடையில் விளக்கு கிடைக்குமே. இதற்குப் போய் அப்பா ஏன் அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தார் என்றுதான் புரியவில்லை.

வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்த சித்தப்பா அப்போது லீவில் வந்திருந்தார். அம்மா சொன்னதும் மறுநாளே நாகர்கோவில் போய், பெயர்கூட அச்சடிக்காத ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே சதுரமாக இரண்டு எல்.இ.டி. விளக்குகள். விலையில் சல்லிசு. பெரிய கம்பெனி விளக்கும் எரியத்தான் செய்யும், இதுவும் எரியத்தான் செய்யும் என்று மைனிக்கு, அதாவது அம்மாவுக்கு, விளக்கம் சொன்னார். பம்பரில் இரண்டையும் அரைமணி நேரத்தில் முடுக்கியாயிற்று. வயர் கொடுக்கத்தான் மத்தியானம்வரை ஆனது. எல்லாம் முடிந்து, தெருவில் நின்ற ஆடுகளை விரட்ட அம்மா ஹாரன் அடித்தபோது, புது விளக்குகள் பளீரென்று எரிந்தன. கையை எடுத்ததும் அணைந்துவிட்டன. சித்தப்பா முகம் மாறாமல், அந்த நாட்டிலெல்லாம் இப்படித்தான் வைக்கிறார்கள் என்றார்.

அப்போது சன்னல் வழியாக அப்பாவின் குரல் கேட்டது. மூன்று வாரத்தில் தெருவரை எட்டிய முதல் குரல்.

“ஏலே, ஹாரன் வயர்லயா லைட்ட குடுத்த?”

அதற்குப்பிறகு அவரால் கட்டிலில் இருக்க முடியவில்லை. ஊன்றுகோலோடு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, மாவுக்கட்டுப் போட்ட காலைக் கவிழ்த்த மீன்கூடைமேல் தூக்கி வைத்துக்கொண்டார். சித்தப்பா கொடுத்த வயரையெல்லாம் பிடுங்கச் சொன்னார். பேட்டரியிலிருந்து தனி வயர், நடுவில் பியூஸ், ஒரு ரிலே, உள்ளே தனி சுவிட்ச் என்று வரிசையாகச் சொன்னார். எர்த் கொடுக்கிற இடத்தில் பெயின்ட் இருந்தால் கரண்ட் ஓடாது என்று, தகரம் வெளுக்கும்வரை சுரண்டும் வேலையை எனக்குக் கொடுத்தார். நான் சுரண்டியதைச் சித்தப்பா போதும் என்றார். அப்பா விரலால் தடவிப் பார்த்துவிட்டு இன்னும் சுரண்டச் சொன்னார்.

அந்தி மங்கியதும் வண்டியை எதிர்வீட்டு மதிலுக்கு நேராக நிறுத்தினோம். மதிலில் எந்த உயரத்தில் வெளிச்சம் விழவேண்டும் என்று அப்பா சொல்ல, நான் சாக்பீஸால் கோடு போட்டேன். டிரைவர் சீட்டில் ஏறப்போன சித்தப்பாவை அவர் இறங்கச் சொன்னார். அம்மாவைத்தான் உட்காரச் சொன்னார். எதுவரை தெரிகிறது, ஓரம் தெரிகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டு, அவள் சொல்லச் சொல்ல விளக்கை மயிரிழை மயிரிழையாகச் சாய்த்து முடுக்க வைத்தார். முடிந்தபிறகும், போய்வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் விடியுமுன் அம்மா சுடிதார்மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். மீன் விற்கும் அக்காமார் இரண்டுபேர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்கள். அப்பா எழுந்து உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். வண்டி ஓட்டுகிறவளைக் கூப்பிடக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் பள்ளிக்கூடம் போகாமல் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். யாரும் நம்பவில்லை, யாரும் விரட்டவுமில்லை.

பத்து மணிக்கு வண்டி வந்து நின்றது. முழங்கையில் மீன்செதிள் ஒட்டியிருக்க, செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மா வாசலில் நின்றாள்.

“லைட்டு சரியில்ல. வலது பக்கத்துது மேல பாக்குது. எதிர வந்த பஸ்காரன் ரெண்டு தடவ டிம் அடிச்சான். கொஞ்சம் கீழ தாத்தணும்.”

நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். தன் வேலையில் யாராவது குறை சொன்னால் அப்பா பொறுக்கமாட்டார். ஒரு நட்டுக்காகச் சித்தப்பாவோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தவர்.

“எங்க வச்சு அடிச்சான்?”

“பாலம் தாண்டி எறங்குத வளவுல.”

“அதுல நீ எந்த கியர்ல எறங்குன?”

“மூணு.”

“நான் ரெண்டுல போடுவேன்.”

“லோடு இருந்தாலும் மூணு போதும்” என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். கால் முறிந்தபின் அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, ஸ்பானரைக் கொண்டுவரச் சொல்லி என்னை அனுப்பினார். நான் திரும்பி வரும்போது இருவரும் வண்டியின் முன்னால் நின்று, அந்த வளைவைக் கையால் காற்றில் வரைந்து வரைந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

சரியில்லை என்று சொன்னவளுக்கும், சொல்லக் கேட்டவருக்கும் அப்படி என்ன சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை. ஸ்பானரைக் கொடுத்துவிட்டு, விளக்கைக் கழற்றிக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்களோ என்ற கவலையில் பக்கத்திலேயே நின்றேன்.