மேஸ்திரியின் விசில்

பாளையங்கோட்டையில் போலீஸ்காரர் கைகாட்டுவதற்குள் ஒரு பெண் காய்கறிப் பையோடு சாலையில் இறங்கினாள். கூட்டம் மொத்தமும் அவள் பின்னால் இறங்கியது, நானும்தான். பிறகுதான் அவர் விசில் ஊதி வண்டிகளை நிறுத்தினார். அந்தச் சத்தத்தில் மாஞ்சோலையின் ஈரத் தேயிலை வாசம் வந்துவிட்டது.

சின்ன வயதில் ஒரு நாள், பள்ளி விடுமுறை. கொழுந்து பறிக்கும் அம்மாவோடு சரிவில் நின்றிருந்தேன். அடிவாரம் தெரியாத அளவுக்கு மூடுபனி.

"அண்ணாச்சி, காட்டுமாடு வாடை அடிக்கி," என்றாள் பேச்சி அத்தை.

"முடிச்சிட்டுத்தான் போவணும்," என்றார் பறிப்பை மேற்பார்க்கும் மேஸ்திரி.

அத்தை கூடையோடு கீழே நடந்தாள். நாற்பது பெண்களும் பின்னால் நடந்தார்கள். கடைசிப் பெண்ணும் திரும்பிய பிறகு மேஸ்திரி விசில் ஊதினார்: "எல்லாரும் இறங்குங்க!"

நான் சிரித்துவிட்டேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். "ஊதட்டும், பாவம். அவருக்கும் ஒரு வேலை வேணும்லா?"

சாலையைக் கடந்ததும் போலீஸ்காரருக்கு ஒரு வணக்கம் வைத்தேன்.