சேம்பிளுக்குப் பொருந்திய பதினாறு நட்டுகள்

பல்லடம் ரோட்டில் இருந்த அந்தக் கடையின் பெயர்ப்பலகையில் பசீர் அகமது என்றுதான் எழுதியிருந்தது. பசீர் அகமது நல்ல மனிதர். பனியன் வேஸ்ட் வாங்கி விற்கிறவர். ஒரு போல்ட்டைக் கையில் கொடுத்து இது என்ன அளவு என்று கேட்டால் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். கடையை நடத்தியவர் அந்த மனைவி, ஜுபைதா. அது அவருடைய தகப்பனார் வைத்த போல்ட்டு நட்டுக் கடை. 1983-இல் தகப்பனார் படுத்த படுக்கையானபோது மகள் கல்லாவில் உட்கார்ந்தார். அவர் இறந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. பலகையில், பில் புத்தகத்தில், அரசாங்கப் பதிவில் எதிலும் ஜுபைதாவின் பெயர் கிடையாது. ஒருமுறை நான் கேட்டதற்கு, "பலகையிலயாங்க நட்டு விக்குது?" என்றார். அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. எனக்குப் பட்டது, இன்னும் படுகிறது.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. உடைந்த போல்ட்டைக் கொண்டுவந்து நீட்டி "இதே மாதிரி ஒண்ணு" என்று கேட்டால் உடனே எடுத்துத் தரமாட்டார். "இது எதுல உக்காருது? அதக் கொண்டாங்க" என்பார். நிட்டிங் மெஷின் ஃபிட்டர்கள் கோபப்படுவார்கள்.

"மெஷினத் தலைல வெச்சுத் தூக்கியாறதுங்களா?"

"மெஷினு வேண்டாங்க. ஓட்டை இருக்கற பிளேட்டு போதும். அதும் கழட்ட முடியாதுன்னா சொல்லுங்க, நானு வாரேன்."

சொன்னபடி வருவார். நட்டின் திருகுப் பள்ளமான மரையை அளக்கும் கேஜையும், கனம் அளக்கும் வெர்னியரையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, டவுன் பஸ் ஏறி, மில்லுக்குள் நுழைந்து குனிந்து பார்த்துவிட்டு வருவார். அவரைப் பெரிய மனுஷியாக்க நான் இதை எழுதவில்லை. கடுகடுவென்று பேசுவார். சாமான் பேரைத் தப்பாகச் சொல்லும் வாடிக்கையாளரை நாலு பேர் முன்னால் திருத்துவார். அதில் அவருக்கு ஒரு சந்தோஷமும் உண்டு. அது நல்ல குணமல்ல. ஆனால் ஒரு பொருள் சரியா தப்பா என்பது அந்தப் பொருளுக்குள் இல்லை, அது போய்ச் சேரும் இடத்தில்தான் இருக்கிறது என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார். படித்தவர்கள் பலர் புரிந்துகொள்ளாத விஷயம் இது.

1996-இல் திருப்பூரில் கார் வாங்குவதோடு ஆசை நிற்கவில்லை. ஏற்றுமதிக்காரர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர், காரோடு வந்த இரும்புச் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பளபளக்கும் அலாய் சக்கரம், ஊர்வழக்கில் மேக் வீல், மாட்டினார்கள். குமாரசாமியும் அவர்களில் ஒருவர். பல்லடத்தில் நான்கு தறியோடு ஆரம்பித்து, மூன்று நாடுகளுக்குப் பனியன் அனுப்புகிற அளவுக்கு வளர்ந்தவர். சிங்கப்பூரிலிருந்து ஐந்து மேக் வீல் வரவழைத்தார். வேறொரு காரில் ஓடிய சக்கரங்கள். பாலீஷ் போட்டுப் புதிது போல இருந்தன. நட்டு வரவில்லை. அதை வாங்கும் வேலை அவருடைய மெர்ச்சண்டைசர் வீரணனுக்கு விழுந்தது.

வீரணன் சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். பட்டன், ஜிப், லேபிள் எல்லாவற்றையும் வெளிநாட்டில் சரக்கு எடுக்கும் பையர் ஒத்துக்கொண்ட சேம்பிளோடு ஒத்துப்பார்த்து வாங்குவதுதான் அவன் தொழில். அதையே இங்கேயும் செய்தான். காரில் இருந்த பழைய நட்டு ஒன்றைக் கழற்றி, பாலிதீன் கவரில் போட்டு, அட்டை குத்தி, ஜுபைதாவின் மேஜையில் வைத்தான்.

"இதே அளவு, இதே மரை. குரோம் போட்டதா குடுங்கக்கா. பதினாறு."

"சக்கரம் எங்கீங்க தம்பி?"

"சக்கரம் எதுக்குக்கா? நான் நட்டுதான கேக்கேன்."

"இது இரும்புச் சக்கரத்து நட்டுங்க. இதோட அடி பாருங்க, புனல் மாதிரி சரிஞ்சிருக்குது. புதுச் சக்கரத்துல குழியும் இப்பிடியே சரிஞ்சிருந்தாத்தான் உக்காரும். சிலதுல குழி கிண்ணமாட்ட இருக்கும். மரை காருக்குத் தகுந்தது, அடி சக்கரத்துக்குத் தகுந்தது. சக்கரத்தப் பாக்காம தரமாட்டேன்."

"மாப்பிள்ளை பாக்க வந்தாக்கூட இம்புட்டுக் கேள்வி கேக்கமாட்டாகக்கா."

"மாப்பிள்ளை கழண்டா அந்த ஊட்டோட போச்சு. சக்கரம் கழண்டா ரோட்டுல போறவனுமில்ல சாவான்?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வீரணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இங்க சாமான் கெடைக்காது போல, பாடந்தான் கெடைக்கும்" என்று சொல்லி, கவரை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் கோயமுத்தூரில் பதினாறு நட்டு வாங்கினான். அளவு சரி. மரை சரி. சேம்பிளுக்கு இம்மி பிசகில்லை. குரோம் மின்னியது.

அந்தக் கம்பெனியில் பட்டனின் நிறம் ஒரு சாயல் மாறினால் இரண்டாயிரம் உருப்படியைத் திருப்பி அனுப்புவார்கள். துணியை வட்டமாக வெட்டி எடுத்து எடை போடுவார்கள். யாரோ ஒரு வெளிநாட்டுக் குழந்தையின் கழுத்தில் உறுத்தும் லேபிளைப் பற்றி ஒரு மணி நேரம் கூட்டம் போடுவார்கள். ஆனால் ஒரு மனிதன் உயிரை வைத்து ஓட்டப்போகும் சக்கரத்தில் அந்த நட்டை ஒருமுறை வைத்துப் பார்க்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. சேம்பிள் சொல்லிவிட்டது, முடிந்தது. ஒரு சேம்பிள் என்ன சொல்லும்? வேறோர் இடத்தில், வேறொன்றோடு தான் சரியாக இருந்ததை மட்டும் சொல்லும். அதற்கு மேல் அதற்குத் தெரியாது. அதற்கு மேல் தெரிந்துகொள்ளத்தான் மனிதனுக்குச் சம்பளம்.

சக்கரங்களை மாட்டியது டிரைவர் சென்னியப்பன். கணியூர்க்காரர். குமாரசாமியிடம் பத்து வருஷமாக ஓட்டியவர். ஒரு கீறல் விழுந்ததில்லை. மறுநாள் காலை ஸ்பேனர் வைத்துப் பார்த்தபோது நட்டுகள் கால் சுற்று இளகியிருந்தன. இறுக்கிவிட்டு வீரணன் காதிலும் போட்டார். அடுத்த நாளும் இளகியிருந்தன. அன்றும் அவனிடம் சொன்னார்.

"நல்லா எறுக்குங்கண்ணே. காலைல சாப்பிடலையா?" என்றான் வீரணன்.

மூன்றாம் நாளும் அவனிடமே சொன்னார். நான்காம் நாள் முதலாளியிடமே போய், "எத்தன எறுக்கியும் நிக்கறதில்லீங்க. பழைய சக்கரத்தையே மாட்டிக்கலாமுங்களா?" என்று கேட்டார். "ஊரு பூராப் போட்டிருக்கறான். உனக்கு மட்டுந்தான் கழலுதா சென்னியப்பா?" என்றார் குமாரசாமி.

ஆறாம் நாள் மத்தியானம், முதலாளி பின்னால் உட்கார்ந்திருக்க, பல்லடம் தாண்டும்போது ஸ்டீயரிங் உதறியது. எதிரே ஒரு தனியார் பஸ் ஹாரனை அமுக்கிக்கொண்டு வந்தது. சென்னியப்பன் பிரேக்கை மிதிக்கவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்து, வண்டியை மெல்ல மண்ணில் இறக்கி நிறுத்தினார். முன் இடது சக்கரத்தில் இரண்டு நட்டைக் காணோம். மற்ற இரண்டும் கையால் சுற்றக் கழன்றன. சக்கரத்தின் ஓட்டைகள் உராய்ந்து அகன்றுபோயிருந்தன.

உயிரைக் காப்பாற்றியவனிடம் அந்த இடத்திலேயே சாவியை வாங்கிக்கொண்டார் குமாரசாமி. "நட்டுக்கூட எறுக்கத் தெரியாதவன் எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் வந்த வேறொரு வண்டியில் ஏறிப் போனார்.

வேலை போனது ஒன்று. பேர் போனது அதைவிடப் பெரிது. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மேனேஜர் பழைய கம்பெனிக்கு ஒரு போன் போடுவார். "சக்கரத்தைச் சரியா மாட்டாம ஆளக் கொல்லப் பாத்தவன்" என்று பதில் வரும். மூன்று வாரத்தில் ஐந்து இடம். ஒரு சாயப்பட்டறையில் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். இரண்டு தடவையும் வாசலோடு அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் சென்னியப்பன் ஜுபைதாவின் கடைக்கு வந்தார். எதுவும் வாங்க வரவில்லை.

"அக்கா, தெரிஞ்சுக்கோணும்னு கேக்கறனுங்க. நானு எறுக்குனதுதான் தப்புங்களா?"

நடந்ததை முழுக்கக் கேட்டார் ஜுபைதா.

"நாலு நாளும் சொன்னீங்களே, எழுதிக் குடுத்தீங்களா?"

"டிரைவரு எழுதிக் குடுத்தா யாருங்க படிப்பாங்க?"

ஜுபைதா துணிப்பையை எடுத்துக்கொண்டு கடையைப் பூட்டினார். பதின்மூன்று வருஷத்தில் வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு அந்தக் கதவு சாத்தியது அன்றுதான். கம்பெனிக்குப் போகிற வழியில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் நிறுத்தி, துணியில் அச்சடிக்கும் நீலச் சாயப் பசை கொஞ்சம் வாங்கிக்கொண்டார்.

குமாரசாமியின் கம்பெனியில், பனியன்களை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்துக் குறை பார்க்கும் மேஜைமேல் குமாரசாமியும் வீரணனும் பார்த்திருக்க, ஜுபைதா ஒரு மேக் வீலை வைக்கச் சொன்னார். அடிபடாத சக்கரம். வீரணன் வாங்கிய நட்டின் அடியில் நீலத்தை மெல்லத் தடவி, குழியில் அழுத்தி, ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். குழிக்குள் தலைமுடி போல ஒரு மெல்லிய நீல வட்டம். அவ்வளவுதான். அதைத் துடைத்துவிட்டு, தன் பையிலிருந்து உருண்டை அடி கொண்ட பழைய நட்டு ஒன்றை எடுத்து அதே போலச் செய்தார். குழி முழுக்க நீலம் அப்பிக்கொண்டது.

"மொதல்ல வெச்சது ஒரு கோட்டுல தொட்டுட்டு நிக்குது. எவ்வளவு எறுக்குனாலும் அந்தக் கோடு நசுங்கும், நட்டு எளகும். பயில்வான் வந்து எறுக்குனாலும் இதேதானுங்க."

"ஆனா சேம்பிளோட பக்காவா மேட்ச் ஆச்சே சார்" என்றான் வீரணன். அவன் குரலில் திமிர் இல்லை, உண்மையாகவே திகைத்திருந்தான்.

"பழைய சக்கரத்துக்குத்தானுங்க தம்பி அது சேம்பிளு. புதுச் சக்கரத்த யாரு கேட்டீங்க?"

குமாரசாமி குனிந்து குழியைப் பார்த்தார். துணியில் குறை கண்டுபிடித்தே வளர்ந்த கண்ணுக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. நிமிர்ந்து அவர் கேட்டது இதுதான்: "சரிங்கம்மா, சரியான நட்டு எப்பக் கெடைக்கும்? திங்கக்கெழம பையர் வாராருங்க."

சென்னியப்பனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜுபைதாவைத் தவிர வேறு யாருக்கும் அந்த மௌனம் விகாரமாகத் தெரியவில்லை.

"கோயமுத்தூருல லேத்துல போட்டுக் கடையணுமுங்க. உங்க காரு மரை, இந்தச் சக்கரத்து அடி, ரெண்டும் சேந்து ரெடிமேடா வராது. ஞாயித்துக்கெழமைக்குள்ள தாரேன். அதுக்கு மின்னாடி ஒண்ணு. நீங்க ஒரு லாட்டு சரக்கத் தள்ளுனா ரிப்போர்ட்டு எழுதறீங்கல்ல? என்ன குறை, என்ன காரணம், யாரு பொறுப்புன்னு? அந்த ஃபாரத்துல இந்த நட்டுக்கும் எழுதுங்க."

"டிரைவரு விஷயத்துக்கெல்லாம் ரிப்போர்ட்டா?"

"டிரைவருக்கு இல்லீங்க. நட்டுக்கு. பட்டன் ஒடஞ்சா எழுதறீங்களே?"

"எழுதலீன்னா?"

"பழைய இரும்புச் சக்கரத்துலயே பையரக் கூட்டியாங்க. அதும் உருளும்."

ஒரு மனிதனின் பத்து வருஷத்துக்கு அசையாத குமாரசாமி, பையர் முன்னால் நிற்கப்போகும் பளபளப்புக்கு அசைந்தார். ஃபாரத்தை எடுத்துவரச் சொன்னார். வீரணன் எழுதினான். குறை: நட்டின் அடி சக்கரத்தின் குழிக்குப் பொருந்தவில்லை. காரணம்: பழைய சக்கரத்தின் நட்டைச் சேம்பிளாக வைத்தது. பொறுப்பு: மெர்ச்சண்டைசிங். அங்கே பேனாவை நிறுத்தி, யாரும் கேட்காமலே இன்னொரு வரி சேர்த்தான்: டிரைவர் நான்கு நாள் தொடர்ந்து தெரிவித்தார்; நடவடிக்கை எடுக்கப்படவில்லை.

"அது எதுக்கு?" என்றார் குமாரசாமி.

"மூணு நாளு என்கிட்ட சொன்னாரு சார். ஒரு நாளு உங்ககிட்ட."

அந்த வரி இருந்தபடியே கையெழுத்து விழுந்தது. அதன்பின் "நாளையிலிருந்து அவன வரச்சொல்லுங்க" என்றார் முதலாளி, பெரிய தானம் செய்கிறவர் போல.

ஞாயிற்றுக்கிழமை பதினாறு நட்டுகளோடு ஜுபைதாவே வந்தார். நட்டு ஏறும் முளையான ஸ்டட்டில் ஒவ்வொன்றும் பத்துச் சுற்றாவது உள்ளே போகிறதா என்று எண்ணி, எதிர்எதிராக மாற்றி மாற்றி இறுக்கச் சொன்னார். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு தடவை இறுக்க வேண்டும் என்றார். கேட்டுக்கொண்டு நின்றது புது டிரைவர். சென்னியப்பன் திரும்ப வேலைக்குப் போகவில்லை. குமாரசாமிக்கு அது பெரிய வருத்தம். "கூப்பிட்டும் வரல பாருங்க, நன்னி இல்லாதவன்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாராம். எதற்கு நன்றி என்று ஒருவரும் அவரைத் திருப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை.

சென்னியப்பன், ஜுபைதா வாங்கிக் கொடுத்த அந்த ரிப்போர்ட்டின் ஜெராக்ஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தன்னை இரண்டு தடவை திருப்பி அனுப்பிய சாயப்பட்டறைக்கே போனார். மேனேஜர் நின்றபடியே படித்தார். பத்து வருஷம் வண்டி ஓட்டிய கையை நம்பாதவர், ஒரு தாளை நம்பினார். இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி.

"நாலு நாளும் சொன்னீங்களா?"

"ஆமாங்க."

"சொல்லிப்போட்டு நாலு நாளும் வண்டி எடுத்தீங்களா?"

"எடுத்தனுங்க. எடுத்திருக்கக் கூடாதுங்க."

மேனேஜர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு சாவியை எடுத்தார். "வேன்ல இருவத்திரண்டு பொம்பளைங்க வருவாங்க. சக்கரத்துல, பிரேக்குல என்ன சத்தம் கேட்டாலும் எங்கிட்டக் கேக்காம நிறுத்துங்க. லேட்டானா நான் சொல்லிக்கறேன்."

"சரிங்க" என்று சாவியை வாங்கிக்கொண்டார் சென்னியப்பன்.