பிலோமினா ரீச்சரின் முகத்தை வெளுப்பாக்காதீர்கள்

செய்தி காலையில் தொலைபேசியில் வந்தது. எங்களோடு வெள்ளவத்தையில் படிப்பித்த இராஜேஸ்வரி, "பிலோமினா போட்டாவாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதார். நித்திரையிலேயே உயிர் பிரிந்துவிட்டதாம். பஸ் பிடித்து, சோதனைச் சாவடிகளில் இறங்கிப் பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏறி, கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தேன். அவருடைய ஒழுங்கை முகப்பில் கறுப்பு வெள்ளைக் கொடிகள் கட்டியிருந்தார்கள். சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. அதிலிருந்த முகத்தைப் பார்த்து, வேறு யாரோவென்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். பிறகு திரும்பி வந்து பெயரை வாசித்தேன். பிலோமினாவின் பெயர்தான்.

எனக்குக் கோபம் பொங்கியது. பவுடர் டின்னுக்குள் விழுந்தெழுந்ததுபோல ஒரு முகம். கன்னங்களில் இருந்த மண்ணிறத் திட்டுகள் இல்லை. மூக்கின் மேலிருந்த தழும்பும் இல்லை. அவருடைய மருமகன் அந்தோனி வாசலில் நின்றார். கேட்டேன்.

"ஸ்டூடியோவில கொஞ்சம் பிறைட் பண்ணிக் குடுத்தாங்க ரீச்சர். எல்லாருக்கும் அப்பிடித்தான் செய்வாங்களாம். வடிவா இருக்குதானே?"

செத்த வீட்டில் சண்டை பிடிக்கக் கூடாது என்று அப்போது வாயை மூடிக்கொண்டேன். இப்போது எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் இதை வாசித்துவிட்டு என்னோடு சேர்ந்து கோபப்பட வேண்டும்.

பிலோமினா எங்கள் பெண்கள் பாடசாலையின் விளையாட்டு ஆசிரியை. நான் சமூகக்கல்வி. ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து மேசை. வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் வலைப்பந்துத் திடலில் தொப்பியில்லாமல் நின்றவர். நாங்கள் கறுப்பர், வெயில் எங்களை என்ன செய்யும் என்று அவரும் நினைத்திருந்தார். பிறகு மூக்கில் ஒரு சிறிய புண் வந்தது. காய்வதுபோல் பொருக்குத் தட்டும், பிறகு கசியும். மாதக்கணக்கில் ஆறவில்லை. தோல் கிளினிக்கில் அதை வெட்டி எடுத்தார்கள். வெயிலால் வரும் தோல் புற்றுநோய் இது, எங்கள் நிறத்தவருக்குக் குறைவாகத்தான் வரும், ஆனால் வராது என்றில்லை என்று வைத்தியர் சொன்னாராம். அதன்பின் யாராவது "கறுப்புத் தோலை வெயில் ஒண்டும் செய்யாது" என்றால் போதும், பிலோமினா விரலால் தழும்பைத் தொட்டுக் காட்டுவார்: "யார் சொன்னது? என்ட மூக்கைக் கேளுங்க."

அந்த நாட்களில் எங்கள் பாடசாலையில் பிந்தி வரும் பிள்ளைகளைத் திடல் நடுவில் நிறுத்திவைக்கும் வழக்கம் இருந்தது. ஒருநாள் பிலோமினா தன் குடையை விரித்துக்கொண்டு போய் அந்தப் பிள்ளைகளோடு தானும் நின்றார். அதிபர் மேல்மாடியிலிருந்து கூப்பிட்டார்.

"என்ன ரீச்சர், நீங்களும் லேட்டா?"

"இல்ல மிஸ். பிள்ளைகள் தப்புச் செஞ்சா வகுப்பைக் கூட்டச் சொல்லுங்க, எழுதச் சொல்லுங்க. தோலை எரிக்க நமக்கு யாரு உரிமை தந்தது?"

அந்தத் தண்டனை மெல்ல நின்றுபோனது. பயிற்சிகளையும் காலை வேளைக்கும் வெயில் தாழ்ந்த பின்னேரத்துக்கும் மாற்றினார். எனக்கு உதாரணம் சொல்லிப் பழக்கம் என்பதால், வகுப்பில் விளக்கும் வேலையை என்னிடம் தந்தார். வீட்டு யன்னல் சீலைகளைப் பார்க்கச் சொல்வேன். ஒரே துணியில் தைத்தவைதான். ஆனால் வெயில் படும் தெருப்பக்க யன்னலில் தொங்குவது முதலில் நிறம் மாறும், பிறகு தொட்டால் கிழியும். ஒரு நாளில் நடப்பதல்ல, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது. தோலும் அப்படித்தான். பிலோமினா பின்னாலிருந்து, "சீலையை மாத்தலாம் பிள்ளைகளே, மூஞ்சியை மாத்த ஏலாது" என்பார்.

ஏலும் என்று நினைத்தவர்களும் எங்கள் வெள்ளவத்தையில் இருந்தார்கள். அங்கேதான் கௌசியின் கதை வருகிறது.

கௌசி எங்கள் பழைய மாணவி. படிப்பு முடித்து, சின்னப் பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்கப் பிலோமினாவோடு வந்து நிற்பாள். நல்ல கறுப்பு, நல்ல உயரம். கனடாவிலிருந்து ஒரு சம்பந்தம் பேசினார்கள். படம் அனுப்ப வேண்டும். அவளோடு இருந்த பெரியம்மா, ஒரு அழகு நிலையத்தில் பெயரோ விவரமோ ஒட்டாத சின்னச் சிமிழில் ஒரு கிறீம் வாங்கி வந்தார். சில கிழமைகளில் முகம் வெளுத்தது. படம் எடுத்து அனுப்பினார்கள். அந்தப் பக்கம் மகிழ்ச்சி. பெரியம்மா ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார். அந்தக் கிறீம் தோலை மெலிதாக்கி, வெயிலைத் தாங்கும் பலத்தையும் சேர்த்தே எடுத்துவிட்டது என்பதை யாரும் அறியவில்லை.

பிறகு ஒரு காலை, தேடுதல் என்று படையினர் அந்த ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். அடையாள அட்டையோடு எல்லோரும் மைதானத்துக்கு வரவேண்டும். வெயில் உச்சிக்கு வரும்வரை வரிசை. கௌசியின் முகம் சிவந்து, வீங்கி, கண் இடுங்கிப் போயிருக்கிறது. அவளுடைய முறை வந்தபோது அதிகாரி அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அட்டையில் ஒரு கறுத்தப் பிள்ளை. முன்னால் ஒரு சிவந்த, வீங்கிய முகம்.

"மே கவுத?" என்று சிங்களத்தில் கேட்டாராம். இது யார்?

வேறொருத்தியின் அட்டை என்று முடிவுகட்டிப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாட்களில் அப்படிப் போனவர்கள் எல்லோரும் வீடு திரும்பவில்லை. பெரியம்மா செருப்பில்லாமல் பாடசாலைக்கு ஓடி வந்தார். "ரீச்சர், எங்கட பிள்ளைய ஆரெண்டு கேக்கினம்! உங்களுக்குத்தானே சிங்களம் நல்லாத் தெரியும், வாங்கோ ரீச்சர்!"

பிலோமினாவோடு நானும் போனேன். பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் கௌசி முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தாள். பிலோமினா கும்பிடவில்லை, அழவில்லை. "மாத்தயா, இது நான் படிப்பிச்ச பிள்ளை" என்று சிங்களத்தில் தொடங்கினார். கௌசியின் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்து, அட்டையைப் பக்கத்தில் பிடித்தார். "இதுதான் இவளுடைய நிறம். முகத்தில் இருப்பது கடையில் வாங்கினது. காதுக்குப் பின்னால் பாருங்க, கழுத்தைப் பாருங்க. கிறீம் படாத இடமெல்லாம் அட்டையில் உள்ள பிள்ளைதான்."

அதிகாரி நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "என்ட நோனாவும் இதைத்தான் பூசுறா" என்றார், தன் மனைவியைச் சொல்லி.

"அப்ப அவவையும் வெயில்ல நிப்பாட்டாதீங்க மாத்தயா," என்றார் பிலோமினா. "வயசானவங்க, கைப்பிள்ளைக்காரிகள் எல்லாம் அங்க காயுறாங்க. மைதான ஓரத்தில மரம் நிக்குது. நிழல்ல வச்சுச் சோதிச்சா சட்டம் தேஞ்சா போகும்?"

அதிகாரி கையை அசைத்துப் பிள்ளையைப் போகச் சொன்னார். வெளியே வந்ததும் பிலோமினா தன் குடையைக் கௌசியின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, பெரியம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அட்டையைப் பாத்தவனுக்கு இவளைத் தெரியாது. அவன் கேட்டான், யாரு இதுன்னு. நீங்க வளத்த பிள்ளை. நீங்களே அவளை அடையாளம் தெரியாம ஆக்கிட்டீங்களே!"

"கறுப்பெண்டா மாப்பிள்ளை வீடு வேண்டாமெண்டு சொல்லுமே ரீச்சர்..."

"சொல்லட்டும். உயிரோட இருக்கிறவளுக்குத்தானே கலியாணம்!"

அன்று குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைத்தான் முகத்தில் வைத்தோம். பெரியம்மா முகத்தில் பூசவென்று தேசிக்காய் வெட்டிக்கொண்டு வந்தார். பிலோமினா தட்டோடு பறித்தார். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கறுத்துவிடும் என்பதை, போட்டி நாட்களில் தேசிக்காய் பிழிந்த பிள்ளைகளின் கைகளில் அவர் கண்டிருந்தார். அடுத்த நாள் களுபோவிலை ஆஸ்பத்திரியில் தோல் வைத்தியரிடம் கூட்டிப் போனார். அந்தக் கிறீமைத் திடீரென்று விட்டாலும் முகம் பொங்கும் என்று, வைத்தியர் தன் கண்காணிப்பில் படிப்படியாக விடுவித்தார். மணமில்லாத சாதாரணப் பூச்சு, அகன்ற தொப்பி, நீளக் கை, உச்சி வெயிலில் வெளியே போகாமை, போகத்தான் வேண்டுமென்றால் வெயில் தடுக்கும் கிறீமைத் தாராளமாகப் பூசி, வியர்த்தால் மறுபடி பூசுவது. மருந்து அவ்வளவுதான், மீதி பொறுமை. மாதங்கள் கழித்துக் கௌசியின் சொந்த முகம் திரும்பியது. அதைப் படம் எடுத்து அவளே கனடாவுக்கு அனுப்பினாள். அங்கிருந்து பதில் வரவில்லை. அவள் அழவுமில்லை. இப்போது அவளும் விளையாட்டு ஆசிரியை.

செத்த வீட்டுக்குக் கௌசி குடையோடு வந்தாள். ஒழுங்கை முகப்பில் அந்தச் சுவரொட்டியின் முன்னால் நின்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "ரீச்சர், இது ஆர்?"

சுவரொட்டியில் இருந்த பெயரை விரலால் தொட்டுக் காட்டினேன்.

அந்தோனி நல்ல பிள்ளை. மாமியை நேசித்தவர். அவரை நான் குறை சொல்லவில்லை. இறந்தவரை அழகாக்குவதென்றால் வெளுப்பாக்குவது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்த நம் எல்லோரையும் குறை சொல்கிறேன். உயிரோடு இருக்கும்போது கிறீம், செத்த பிறகு ஸ்டூடியோ. நம்முடைய நிறத்தோடு நம்மைச் சாகக்கூட விடமாட்டோமா?

என்னிடம் பிலோமினாவின் படம் ஒன்று இருக்கிறது. ஒரு விளையாட்டுப் போட்டி நாளில் எடுத்தது. ஒரு கையில் விசில், மறு கையில் கழற்றிய தொப்பி. தொப்பி மறைத்த நெற்றி ஒரு நிறம், அதற்குக் கீழே வேறு நிறம். கன்னத்தில் திட்டுகள். மூக்கில் தழும்பு. யாரையோ திட்ட வாய் திறந்திருக்கிறார். முப்பத்தோராம் நாள் நினைவு அட்டைக்கு அதை அந்தோனியிடம் கொடுத்திருக்கிறேன். பின்பக்கத்தில் அச்சகத்துக்கு ஒரு வரி எழுதியிருக்கிறேன்: "ஒன்றையும் அழிக்க வேண்டாம்."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தத் தழும்புள்ள முகம். பிறகு, என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கும் இரண்டு குடைகள். ஒன்று எனக்கு. மற்றது, வெயிலில் யாரையாவது நிறுத்திவைத்திருப்பதாகக் கேள்விப்பட்டால் கொண்டு போவதற்கு.